கட்டளையால் வருவதன்று பாஷை

ஒரு பாஷையைப் பயிற்றுவதற்கும் அதனைத் திணிப்பதற்கும் உள்ள வேற்றுமை யாது? இரண்டிலும் பள்ளிக்கூடம் உண்டு; புத்தகம் உண்டு; உபாத்தியாயரும் உண்டு. ஆயினும் பயிற்றுகிறவன் மாணவனுடைய நாவையும் செவியையும் முதலில் ஆராய்கிறான். திணிக்கிறவனோ தன் கையிலுள்ள உத்தரவை மட்டுமே பார்க்கிறான். இவ்விரு வழிகளில் எது பலன் தரும் என்பதைத் தர்க்கித்து முடிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. ஸ்பானிஷ் பேசும் ஜனங்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு தீவில் அரை நூற்றாண்டுக் காலம் நடத்தப்பட்ட பரீட்சையே அதற்கு விடை கூறுகிறது. கரிபியன் கடலுக்கும் அட்லாண்டிக் மகா சமுத்திரத்திற்கும் இடையே உள்ள புவேர்ட்டோ ரிக்கோவே அத்தீவு. அரசியலில் ஈடுபட்டோரும் கல்வியில் ஈடுபட்டோரும் ஒருங்கே அறியத்தக்கது அதன் வரலாறு.

கொடியும் பாஷையும்

1898-ஆம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி அமெரிக்கச் சேனை குவானிக்கா துறைமுகத்தில் இறங்கிற்று. அவ்வருஷம் டிசம்பரிலேயே பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஏறக்குறைய நானூறு வருஷம் தான் ஆண்ட தீவை ஸ்பெயின் அமெரிக்காவிடம் ஒப்புவித்தது. தீவின் ஜனங்களை அபிப்பிராயம் கேட்டவர் எவருமிலர். 1900-ஆம் வருஷத்துச் சட்டம், தீவின் கல்விக் கமிஷனரை நியமிக்கும் அதிகாரத்தை அமெரிக்கப் பிரஸிடெண்டிடமே வைத்தது. குழந்தை எந்தப் பாஷையில் கணக்குப் படிக்க வேண்டும் என்பதை அதன் தாய் தந்தையரோ, அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளோ தீர்மானிக்க முடியாது; வாஷிங்டனிலிருந்து நியமனம் பெற்றவரே தீர்மானிப்பார்.

புதிய சர்க்கார் தீவின் பெயரையே சரியாக உச்சரிக்கவில்லை. 'புவேர்ட்டோ' என்ற ஸ்பானிஷ் சொல்லை விட்டு 'போர்ட்டோ ரிக்கோ' என்றே எழுதி வந்தது. 1932-ஆம் வருஷத்தில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் பழைய பெயரைத் திரும்ப அளித்தது. பெயரைக் கற்க முப்பது வருஷத்திற்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், ஏழை உழவனுடைய குழந்தை மட்டும் ஆங்கிலத்தை ஒரே மூச்சில் கற்றுவிட வேண்டுமென எதிர்பார்த்தார்கள்!

1904 முதல் 1907 வரை கமிஷனராயிருந்த ரோலண்ட் ஃபாக்னர் காலத்தில், முதல் வகுப்பிலிருந்தே சகல பாடங்களுக்கும் ஆங்கிலமே போதனா பாஷை என ஏற்பட்டது. உபாத்தியாயர்களும் ஆங்கிலப் பரீட்சைக்கு உட்படுத்தப்பட்டனர். அரைகுறையாய்த் தாம் கற்ற ஆங்கிலத்தில் உபாத்தியாயர் பூகோளம் சொல்ல, ஒன்றும் விளங்காத பிள்ளைகள் அதனைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்க வேண்டிய நிலைமை இதனால் உண்டாயிற்று. பூகோளமும் வரவில்லை; ஆங்கிலமும் வரவில்லை.

ஜனங்கள் வாளாவிருக்கவில்லை. 1911-இல் அமைந்த உபாத்தியாயர் சங்கம் இம்முறையை எதிர்த்தது. கவிஞரும் தேசபக்தருமான ஹோஸே டே டியேகோ, ஸ்பானிஷையே போதனா பாஷையாக்கும் மசோதாவுக்காகப் போராடினார். 1915-இல் அம்மசோதாவுக்கு ஆதரவாகக் கையெழுத்துச் சேகரித்த மாணவரொருவர் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார். சக மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் சர்க்கார் சமரசம் என்ற பெயரால், முதல் நான்கு வகுப்புகளில் ஸ்பானிஷ், ஐந்தாவதில் பாதிக்குப் பாதி, அதற்கு மேல் ஆங்கிலம் என வகுத்தது.

பலன் என்ன?

1925-இல் கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியினர் தீவின் கல்வி நிலையை நேரில் ஆராய்ந்தனர். அவர்கள் அமெரிக்கரேயாவர், ஸ்பானிஷ் அபிமானிகள் என அவர்களை எவரும் குறை கூற முடியாது. பெரும்பாலான குழந்தைகள் மூன்றாம் வகுப்பைத் தாண்டாமலேயே பள்ளியை விட்டு நீங்குவதை அவர்கள் கண்டனர். ஆங்கிலம் கற்பிப்பதை நான்காம் வகுப்பில் தொடங்கினால் போதும் எனவும் யோசனை கூறினர்.

இதன் கருத்தை நேயர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். ஏழைக் குழந்தைக்குக் கிட்டும் படிப்பு மொத்தம் இரண்டு மூன்று வருஷமே. அச்சொற்ப காலத்தில் அது தன் பாஷையில் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் உதவும். அக்காலத்தில் ஒரு பகுதியை, பேசவோ படிக்கவோ ஒருபோதும் பயன்படாத அளவுக்கு ஓர் அந்நிய பாஷையைத் தொட்டுப் பார்ப்பதில் கழித்தால், இரு பாஷைகளிலும் அது எழுத்தறியாததாகவே வெளியேறும். திணிப்பின் சுமை ஏழையின் தலையிலேயே விழுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை எம்முறையிலும் தப்பித்துக்கொள்வான்.

1930 முதல் 1936 வரை கமிஷனராயிருந்த ஹோஸே பாதின் இவ்வுண்மையை உணர்ந்து, 1934-இல் ஆரம்பப் பள்ளியின் எட்டு வகுப்புகளிலும் ஸ்பானிஷையே போதனா பாஷையாக்கி, ஆங்கிலத்தைத் தனிப் பாடமாகக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவர் விலகிய மறுவருஷமே, 1937 ஏப்ரலில், பிரஸிடெண்ட் ரூஸ்வெல்ட் புதிய கமிஷனர் ஹோஸே கல்லார்தோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். புவேர்ட்டோ ரிக்கர்களில் லட்சக்கணக்கானோருக்கு ஆங்கிலம் சிறிதே தெரியும் அல்லது தெரியவே தெரியாது என்று அதில் அவர் வருந்தினார்; ஆங்கிலப் போதனையைத் தீவிரப்படுத்தவும் கூறினார். நோய் தீரவில்லை என்பதைக் கண்டு, அதே மருந்தை இன்னும் அதிகமாகக் கொடுக்கச் சொன்ன வைத்தியரின் செயல் போன்றது இது. ஏறக்குறைய நாற்பது வருஷத் திணிப்பின் தோல்விக்கு இதனினும் சிறந்த சாக்ஷி வேறு வேண்டுமோ?

1946-இல் தீவின் சட்டசபை ஸ்பானிஷைப் போதனா பாஷையாக்க முற்பட்டபோது, பிரஸிடெண்ட் ட்ரூமன் அம்மசோதாவை நிராகரித்தார். 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தால் கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனங்களுக்குக் கிடைத்தது. 1948 தேர்தலில் வென்ற லூயிஸ் முன்யோஸ் மரீன் 1949-இல் பதவியேற்றதும், அவர் நியமித்த கமிஷனர் மரியானோ வியரோங்கா எல்லா வகுப்புகளிலும் ஸ்பானிஷே போதனா பாஷை என உத்தரவிட்டார். ஆங்கிலம் ஒழிந்து போகவில்லை. ஒவ்வொரு நாளும் கற்பிக்கப்படும் பாடமாக நின்றது. அதனை நன்றாகக் கற்பிப்பது எங்ஙனம் என்ற கேள்விக்கு அமைதியாக விடை தேடவும் அதன் பின்னரே வழி பிறந்தது.

ஸ்பானிஷ் நாவும் ஆங்கில ஒலியும்

அதுகாறும் பள்ளிகளில் வழங்கிய ஆங்கில வாசகங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக இயற்றப்பட்டவை. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரும்போதே அப்பாஷையைப் பேச அறிந்திருக்கிறது. எழுத்தை அடையாளம் காட்டினால் போதும். அதே புத்தகத்தை ஸ்பானிஷ் குழந்தையின் கையில் கொடுப்பது, அஸ்திவாரமில்லாத இடத்தில் மாடி கட்டுவதேயாம்.

ஸ்பானிஷ் பாஷையில் உயிரொலிகள் ஐந்தே. அதில் எழுதியதை எழுதியவாறே பெரும்பாலும் படித்துவிடலாம். ஆங்கிலத்திலோ உயிரொலிகள் பத்துக்கு மேற்பட்டவை; எழுத்து ஒருவழி, ஒலி ஒருவழி. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பதும் செம்மறியாட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்பதும் ஸ்பானிஷ் செவிக்கு ஒன்றாகவே கேட்கும். குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதைத் தாய்ப்பாலோடு உணர்ந்த தமிழருக்கு இத்தொல்லை இல்லை. ஆயின் 'ஸ்கூல்' என்ற சொல்லில் நமக்கும் அவர்களுக்கும் ஒரே சங்கடம். நம்மவர் 'இஸ்கூல்' என்கின்றனர். அவர்கள் 'எஸ்கூல்' என்கின்றனர். மேலும் வாக்களிக்கும் 'வோட்' என்பதற்கும் படகாகிய 'போட்' என்பதற்கும் முதலொலியில் உள்ள பேதம் அவர்கள் பாஷையில் இல்லை. ஒரே ஆங்கிலச் சொல் ஒரு ஜாதியாருக்கு எளிதாகவும் மற்றொரு ஜாதியாருக்கு அரிதாகவும் இருக்கையில், உலகனைத்துக்கும் ஒரே பாடப் புத்தகம் எவ்வாறு பொருந்தும்?

வாக்கிய அமைப்பிலும் இவ்வாறே. ஸ்பானிஷில் வினைச்சொல்லே எழுவாயைக் காட்டிவிடுவதால், மழை பெய்கிறது என்பதற்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்திலோ 'இட்' என்றொரு பொருளற்ற எழுவாயை முன்னே நிறுத்த வேண்டும். மாணவன் அதனை மறந்துவிடுகிறான். தனக்கு இருபது வயது என்பதை ஸ்பானிஷ்காரர் 'இருபது வருஷங்களைக் கொண்டிருக்கிறேன்' என்ற பொருள்படச் சொல்வர். அதையே ஆங்கிலத்தில் பெயர்த்துப் பிழைபடுகின்றனர். கேள்வி கேட்பதற்கு 'டூ', 'டஸ்' என்ற துணைச்சொற்களைக் கூட்டும் வழக்கமும் அவர்களுக்கு முற்றிலும் புதிது.

தாய்மொழி தடையாவதோடு நிற்பதில்லை, பெருந்துணையும் ஆகிறது. லத்தீன் மூலத்திலிருந்து வந்த பல்லாயிரம் சொற்கள் இரு பாஷைகளுக்கும் பொது. 'நஸியோன்' என்பதை அறிந்தவனுக்கு 'நேஷன்' புதிதன்று. 'லிபெர்தாத்' என்பதை அறிந்தவனுக்கு 'லிபர்டி' அந்நியமன்று. சில சொற்கள் மட்டும் நண்பரைப்போல் வந்து ஏமாற்றும். 'எம்பாரஸாதா' என்ற ஸ்பானிஷ் சொல் கர்ப்பவதியைக் குறிப்பது. 'எம்பாரஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோ கூச்சமடைந்ததைக் குறிப்பது. இவற்றைப் பிரித்துக் காட்ட, இரண்டையும் அறிந்த ஆசிரியர் வேண்டும். வகுப்பிலிருந்து ஸ்பானிஷைத் துரத்தியவர்கள், பூட்டைத் திறக்கும் சாவியையே கடலில் எறிந்தனர்.

நூல் செய்தோர்

இவ்வுண்மையை முறையாக வகுத்தவர்களுள் முக்கியமானவர் சார்லஸ் ஃப்ரைஸ். 1941-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் அவர் ஏற்படுத்திய ஆங்கில பாஷைக் கழகத்தின் முதல் மாணவர்கள் லத்தீன் அமெரிக்க நாட்டினர். கற்கவேண்டிய பாஷையின் அமைப்பையும் மாணவனுடைய பாஷையின் அமைப்பையும் சாஸ்திர ரீதியில் ஒப்பிட்டு அதன்மேல் எழுப்பப்படும் பாடங்களே மிகுந்த பயனளிப்பவை என 1945-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். அவருடன் உழைத்த ராபர்ட் லாடோ ஸ்பானிஷ் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்பெயினில் வளர்ந்து, பின்னரே ஆங்கிலம் கற்றவர். ஒப்பிடும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 1957-இல் வெளிவந்தது. தாமே நடந்த பாதையின் மேடு பள்ளங்களை அறிந்தவர் வழிகாட்டுவது எத்துணைச் சிறப்பு!

ஃப்ரைஸும் பாலின் ரோஹாஸ் அம்மையாரும் புவேர்ட்டோ ரிக்கோவின் கல்வி இலாகாவுடன் சேர்ந்து, ஸ்பானிஷ் பிள்ளைகளுக்கென்றே தொடர்ச்சியான ஆங்கிலப் பாடநூல்களைத் தயாரித்தனர். 1952 முதல் அவை வெளிவந்தன. முதலில் செவி, பின் நா, அதன்பின் எழுத்து என்பது அவற்றின் ஒழுங்கு. 1960-களில் கியூபாவிலிருந்து வந்த குடும்பங்கள் மயாமி நகரில் நிறைந்தபோது, அவ்வம்மையாரின் அனுபவம் அங்கே பயன்பட்டது. அந்நகரின் கோரல் வே பள்ளியில் 1963-இல் ஸ்பானிஷும் ஆங்கிலமும் நாளில் பாதிக்குப் பாதி போதனா பாஷைகளாயின. ஸ்பானிஷ் பிள்ளை ஆங்கிலம் கற்றது போலவே ஆங்கிலப் பிள்ளையும் ஸ்பானிஷ் கற்றது. ஒருவர் குனிய மற்றவர் நிமிரும் நிலை அங்கில்லை.

இம்முறையும் குறையற்றதென நாம் கூறவில்லை. ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றி நூறு தடவை சொல்லச் செய்யும் பயிற்சி அலுப்புத் தருவது. மாணவனுடைய பிழைகளெல்லாம் தாய்மொழியிலிருந்தே வருவன அல்ல. ஆங்கிலக் குழந்தையும் பேசக் கற்கையில் இத்தகைய பிழைகள் சிலவற்றைச் செய்கிறது. பிழை, மனம் விதியைத் தேடுவதற்கு அடையாளம் என 1967-இல் பிட் கார்டர் என்ற அறிஞர் எடுத்துக் காட்டினார். எனவே ஒப்பிட்டுச் செய்த பாடநூலோடு, உண்மையாகப் பேசவும் கேட்கவும் எழுதவும் சந்தர்ப்பமும் வேண்டும். பிழைக்குத் தண்டியாத ஆசிரியரும் வேண்டும்.

மறவாத பாடம்

ஆயினும் அதிகாரத்திலிருப்போர் இப்பாடத்தை அடிக்கடி மறக்கின்றனர். 1998-இல் கலிபோர்னியா மாகாணத்தில் வாக்கெடுப்பின் மூலம் இருபாஷைக் கல்விக்கு ஏறக்குறையத் தடையிட்டு, ஆங்கிலம் அறியாப் பிள்ளைகளைப் பொதுவாக ஒரு வருஷம் ஆங்கிலத்திலேயே மூழ்க வைத்தால் போதும் என விதித்தனர். 2016-இல் அதே ஜனங்கள் வாக்களித்து அவ்விதியை நீக்கினர். 2025 மார்ச்சு 1-ந் தேதி அமெரிக்கப் பிரஸிடெண்ட் டிரம்ப், ஆங்கிலமே நாட்டின் உத்தியோக பாஷை என உத்தரவிட்டார். ஓர் உத்தரவு, கச்சேரிக் காகிதத்தின் பாஷையைத் தீர்மானிக்கலாம். ஒரு குழந்தையின் நாவில் ஒரு சொல்லையேனும் அது வைக்க மாட்டாது.

அமெரிக்கக் கொடி பறக்கத் தொடங்கி ஒன்றேகால் நூற்றாண்டு கடந்த பின்னும், புவேர்ட்டோ ரிக்கோவின் வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பேசுவது ஸ்பானிஷே. ஆங்கிலத்தை அவர்கள் வெறுக்கவில்லை. பிழைப்புக்காகவும் அறிவுக்காகவும் அதனை நாடுகின்றனர். தம் பாஷையை விலையாகக் கேட்டபோது மட்டுமே மறுத்தனர்.

பிற பாஷையைக் கற்பிக்க விரும்பும் எந்தச் சர்க்காரும் மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை கூறக் கடமைப்பட்டது. மாணவனுடைய தாய்மொழியை அறிந்த உபாத்தியாயர்கள் தயாரா? அத்தாய்மொழியை ஆராய்ந்து செய்த பாடநூல் தயாரா? முதற் சில வருஷங்களில் பள்ளியை விட்டு நீங்கும் ஏழைக் குழந்தை எதைக் கையில் கொண்டு போகும்? இவற்றுக்கு விடையில்லாத உத்தரவை, அது எத்துணை இனிய சொற்களால் எழுதப்பட்டிருப்பினும், கல்வித் திட்டமென ஏற்றல் ஆகாது. தாய்மொழியின் தோள்மேல் ஏறி நிற்பவனே அயல்மொழிக் கனியைப் பறிப்பான். அத்தோளை வெட்டுவோர் கையில் கனியும் இல்லை, நிழலும் இல்லை.