கட்டியின் வருங்காலத்தைக் கணித்தலும் தீவகத்தின் தேவையும்

நெடுந்தீவிலிருந்து தெல்லிப்பழைக்குச் செல்லும் புற்றுநோயாளியின் பயணம் படகுத் துறையில் தொடங்குகின்றது. குறிகட்டுவான் வரை கடல். அங்கிருந்து வேலணை ஊடாக யாழ்ப்பாணம். அதன் பின்னரே தெல்லிப்பழை. ஊர்காவற்றுறையில் வாழ்பவருக்குக் கடல் கடக்கும் சிரமம் இல்லையெனினும் தூரம் குறைந்ததன்று. கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையோ சில வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல மாதங்கள் நீடிப்பது. ஆகவே, சத்திரசிகிச்சையால் கட்டி அகற்றப்பட்ட பெண்ணொருவருக்கு அம்மருந்து உண்மையிலேயே வேண்டுமா என்பது தீவக மக்களைப் பொறுத்தவரை வெறும் ஆய்வுகூடக் கேள்வியன்று.

மார்பகப் புற்றுநோய் மீண்டும் வருமா என்பதைக் கட்டியின் அளவு, அதன் தரநிலை, நிணநீர்க்கணுக்களில் அது பரவியுள்ளமை ஆகியவற்றைக் கொண்டே வைத்தியர்கள் நீண்டகாலம் மதிப்பிட்டு வந்தனர். ஆயினும், ஒரே தோற்றமுடைய இரு கட்டிகளில் ஒன்று அடங்கிவிட, மற்றையது உடலெங்கும் பரவுவதுண்டு. அந்த வேறுபாட்டைக் கட்டியின் கலங்களில் எந்த மரபணுக்கள் எவ்வளவு முனைப்பாக இயங்குகின்றன என்பதிலிருந்து அறியலாம் என்பதே மைக்ரோஅரே எனப்படும் மரபணுச் சில்லின் அடிப்படை.

இச்சில்லில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மரபணுவின் டீ.என்.ஏ. இழை பதிக்கப்பட்டிருக்கும். கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ.யின் பிரதிகளுக்கு ஒளிரும் சாயமூட்டிச் சில்லின்மீது இட்டால், ஒவ்வொன்றும் தனக்குரிய இணையுடன் ஒட்டிக்கொள்ளும். புள்ளியின் பிரகாசமே அம்மரபணு இயங்கும் அளவைக் காட்டுகின்றது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002 இல் 78 பெண்களின் கட்டிகளில் ஏறத்தாழ 25,000 மரபணுக்களை இவ்வாறு அளந்தனர். அப்பெண்களுள் 34 பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் நோய் வேறிடங்களுக்குப் பரவியிருந்தது. அவர்களை ஏனையோரிலிருந்து பிரித்துக் காட்டிய 70 மரபணுக்களே பின்னர் 'மம்மாபிரிண்ட்' என்ற பரிசோதனையாயின.

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. ஒரு படகில் வரும் முப்பது பயணிகளிடம் பல்லாயிரம் கேள்விகளைக் கேட்டால், கடல் மயக்கம் வந்தவர்களையும் வராதவர்களையும் பிரித்துக் காட்டும் ஏதோவொரு விடை கிடைத்தே தீரும். அது செருப்பின் நிறமாகவும் இருக்கலாம். அடுத்த படகில் அது பொய்த்துப் போகும். நோயாளிகள் சிலராகவும் மரபணுக்கள் பல்லாயிரமாகவும் உள்ள ஆய்வுகளின் ஆபத்து இதுவே. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எக்கட்டிக்கு எம்மருந்து பலனளிக்கும் என மரபணுத் தரவுகளைக் கொண்டு கணிக்கலாமென 2006 இல் அறிவித்தனர். அத்தரவுகளை மீளாராய்ந்த புள்ளிவிபரவியலாளர்களான கீத் பகர்லி, கெவின் கூம்ஸ் ஆகியோர், மரபணுப் பட்டியல் ஒரு வரிசை பிறழ்ந்திருந்ததையும் வேறு தவறுகளையும் கண்டறிந்தனர். நோயாளிகளிடம் நடைபெற்றுவந்த பரீட்சார்த்தங்கள் 2010 இல் நிறுத்தப்பட்டன. ஆய்வுக்கட்டுரை 2011 இல் மீளப்பெறப்பட்டது.

மாறாக, எழுபது மரபணுப் பரிசோதனை 6,693 பெண்கள் பங்கேற்ற பெரும் ஆய்வில் உரைத்துப் பார்க்கப்பட்டது. வழமையான அளவுகோல்களின்படி ஆபத்து அதிகமெனவும் மரபணுக்களின்படி குறைவெனவும் கணிக்கப்பட்டோருள், கீமோதெரபி பெறாதவர்களில் 94.7 சதவீதமானோர் ஐந்தாண்டுகளின் பின்னரும் நோய் தொலைவுறுப்புகளுக்குப் பரவாது வாழ்ந்தனர் என 2016 இல் வெளியான முடிவு கூறிற்று. ஆயினும், 50 வயதுக்குட்பட்டோருக்கு அம்மருந்தால் ஓரளவு நன்மை உண்டென்பது 2021 இல் வெளியான நீண்டகால முடிவிலேயே தெரியவந்தது. கணிப்பைத் தொடர்ந்து சோதித்தால் மட்டுமே அதன் எல்லை புலப்படும்.

பல இலட்சம் ரூபா செலவாகும் இப்பரிசோதனை எமது ஏழைத் தாய்மாருக்கு எட்டாக்கனியே. இருப்பினும் வழி அடைபட்டுவிடவில்லை. பெங்களூரில் உருவாக்கப்பட்ட 'கான்அசிஸ்ட் பிரெஸ்ட்' பரிசோதனை, சில்லுக்குப் பதிலாக ஐந்து புரதங்களையும் கட்டியின் வழமையான விபரங்களையும் இணைத்துக் கணிக்கின்றது. இந்தியப் பெண்களின் தரவுகளைக் கொண்டே அது உருவாக்கப்பட்டது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் தெவுந்தர முனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில் எழுந்து 2013 இல் திறக்கப்பட்டது. அக்கட்டடத்துக்கு உரிய பயன், அங்கு சேரும் அறிவிலும் இருக்கவேண்டும். அகற்றப்படும் ஒவ்வொரு கட்டியின் இழையமும் முறையாகப் பேணப்படவேண்டும். ஹோர்மோன் ஏற்பிப் பரிசோதனை முடிவுகள் தாமதமின்றிக் கிடைக்கவேண்டும். அனைத்துக்கும் மேலாக, ஒவ்வொரு நோயாளியும் ஐந்து, பத்து ஆண்டுகளின் பின்னர் எந்நிலையில் உள்ளார் என்பது பதியப்படவேண்டும். தீவகத்தில் அப்பதிவை ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையும் பிரதேச வைத்தியசாலைகளும் பேணலாம். முடிவு தெரியாத நோயாளியிடமிருந்து எந்தச் சில்லும், எந்தக் கணினியும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

வேறு நாட்டுப் பெண்களின் தரவுகளில் பிறந்த கணிப்பு எமது பெண்களுக்கும் பொருந்துமா என்பதற்கு எமது பதிவேடுகளே விடை கூறவேண்டும். தேவையற்ற மருந்தின் துன்பத்திலிருந்தும், வீணான கடற்பயணங்களிலிருந்தும் ஒரு நெடுந்தீவுத் தாயை விடுவிக்கும் வழி அந்தப் பதிவேட்டிலிருந்தே தொடங்குகின்றது. அதற்குப் பெருநிதி தேவையில்லை. பொறுப்பும் தொடர்ச்சியுமே தேவை. சுகாதாரத் திணைக்களம் இதனைக் கருத்திற் கொள்ளும் என நம்புகின்றோம்.