ஜிம்பு என்னும் மலை வெங்காயம்

உரிப்பார் கண்ணில் நீர் வருவிக்கும் வெங்காயத்தை அறியாதார் இலர். அதன் காட்டினங்கள் பல, உயர்ந்த மலைச் சரிவுகளில் தாமே முளைத்து வளர்கின்றன. அவற்றுள் ஜிம்பு என்பதைக் குறித்து ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

நேபாள நாட்டின் வடபாலுள்ளது முஸ்தாங். தெற்கேயிருந்து வரும் மழைமேகங்களை அன்னபூர்ணா, தவளகிரி என்னும் பெருமலைகள் தடுத்துவிடுதலின், அந்நிலம் வறண்டு கிடக்கின்றது. ஜிம்பு தழைப்பது அத்தகைய இடத்திலேதான். இப்பெயரால் வழங்கும் இனங்களுள் ஒன்றிற்கு, நடு ஆசியாவை ஆராய்ந்த ருஷியராகிய பிரசெவால்ஸ்கியின் பெயரை 1875-ஆம் ஆண்டில் ரேகல் என்னும் தாவர நூலார் இட்டனர். திபெத்திலும் வளரும் இவ்வினம், ஏறக்குறைய 6,500 அடி முதல் 15,700 அடி உயரம் வரை காணப்படும். இதன் இலை மெல்லியது, உள்ளே துளையுடையது. பூக்கள் செந்நிறக் கொத்தாக மலரும். சிறிய கிழங்கைச் செந்நிற நார்கள் வலைபோல் போர்த்திருக்கும்.

இதன் மணத்திற்குக் காரணம் யாதெனின், கூறுவோம். இலையினுள்ளே கந்தகம் சேர்ந்த ஒரு பொருளும், அதனை மாற்றவல்ல நொதியும் தனித்தனியே அடங்கியுள்ளன. இலை நசுங்கியவுடன் இரண்டும் கலக்க, காரநெடி எழுகின்றது. கடிக்க வரும் உயிர்களை விலக்கச் செடி கொண்ட படைக்கலம் அது. மனிதனோ அதனையே சுவையென விரும்பினான்! நேபாள மக்கள் இலையைக் கொய்து உலர்த்தி வைத்து, காய்ந்த நெய்யில் ஒரு சிட்டிகை இட்டு உளுத்தம் பருப்பில் தாளிப்பர்; நாம் பெருங்காயம் இடுவது போன்றதே இது.

குளிர்காலத்தில் இலை மடிந்தாலும், கிழங்கு மண்ணுள் உறங்கிக் கிடந்து மறுபடியும் துளிர்க்கும். ஆதலின் இலையை மட்டும் அளவறிந்து கொய்வார்க்குச் செடி ஆண்டுதோறும் பயன்தரும். பூத்து விதையிடுமுன் எல்லாவற்றையும் அறுத்தாலும், கிழங்கோடு பிடுங்கினாலும் இனம் குன்றும். இதன் நெருங்கிய உறவாய்க் குமாவோன், கார்வால் மலைகளில் வளரும் ஜம்பு என்னும் பூண்டு, இந்தியத் தாவரங்களின் சிவப்பேட்டில் அழிவுக்கு உள்ளாகத்தக்கதென்று குறிக்கப்பெற்றது. அங்குள்ள மலைமக்கள் சிலர் அதனைத் தம் வயல்களிலே பயிரிட்டு வருதல் ஆறுதல் தருவதாகும்.

ஒரு பிடி இலைக்காகக் கிழங்கைப் பறிப்போன், வருமாண்டுகளின் விளைவனைத்தையும் பறித்தோனாவான். இயற்கை தருவதைக் கொள்ளுங்கால், மீண்டும் தருதற்குரிய முதலை அதனிடமே விட்டுவைத்தல் நம் கடனாம்.