சாட்சியா, ஜாமீனா?



ஒரு நாள் என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், கேன் யூ பாரோ மீ எ பென்சில்?" என்று கேட்டான். பென்சிலைக் கொடுத்துவிட்டுப் பிழையையும் திருத்தினேன். 'பாரோ' என்றால் இரவல் வாங்குவது. 'லெண்ட்' என்றால் இரவல் கொடுப்பது. மலாயில் 'பிஞ்சாம்' என்ற ஒரே அடிச்சொல் இரண்டுக்கும் வருகிறது. 'மெமின்ஜாம்' என்றால் வாங்குவது, 'மெமின்ஜாம்கான்' என்றால் கொடுப்பது. பேச்சு வழக்கில் இந்த ஒட்டுகள் உதிர்ந்துவிடுகின்றன. அந்தப் பழக்கத்தில்தான் பையன் ஆங்கிலத்திலும் தடுமாறினான்.

இந்தப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால், பாரத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் சொல் மயங்கினால் குடும்பமே தவிக்க நேரிடும்.

கிள்ளானுக்கு அருகே செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவர், ஒரு மாலை என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய நண்பர் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கி, பணத்தைக் கட்டாமல் விட்டுவிட்டார். பாக்கியை இவரே கட்ட வேண்டும் என்றது கடிதம். "டீச்சர், நான் சாட்சிக் கையெழுத்துதானே போட்டேன்?" என்றார். பாரத்தின் நகலைப் பார்த்தேன். அவர் கையெழுத்துக்குக் கீழே 'கேரண்டர்' என்று அச்சிட்டிருந்தது.

'விட்னஸ்' என்பவர் சாட்சி. இன்னார் என் கண்முன்னே கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே அவர் பொறுப்பு. 'கேரண்டர்' என்பவர் ஜாமீன் நிற்பவர். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, இலாபம் கருதாமல் கல்விக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனத் தவணை, குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்றாயிற்று. ஆயினும் பாக்கியைக் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இருக்கத்தான் செய்கிறது.

ஆங்கிலம் புரியாவிட்டால் பாரத்தில் மலாய்ச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சாட்சிக்கு மலாயில் 'சாக்சி'. சமஸ்கிருதத்திலிருந்து நமக்குச் சாட்சியாக வந்த அதே சொல்தான் அது. கேரண்டருக்கு 'பெஞ்சாமின்'. அதற்குள் நம்முடைய 'ஜாமீன்' ஒளிந்திருக்கிறது. இரண்டும் அரபு மொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. காது கொடுத்துக் கேட்டால் அந்தச் சொல்லே நம்மை எச்சரிக்கும்.

இன்னொரு சோடியும் உண்டு. 'ரெசிடெண்ட்' என்றால் வசிப்பவர். 'சிட்டிசன்' என்றால் குடிமகன். "நான் இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்தவன். என்னைவிட யார் சிட்டிசன்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் பத்திரத்தைத்தான் பார்க்கிறது. நிரந்தர வசிப்பாளருக்குச் சிவப்பு அடையாளக் கார்டு, குடிமக்களுக்கு நீலக் கார்டு. சிவப்புக் கார்டுக்காரர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் பெற்றே வேலை செய்ய வேண்டும் என்றது. சுதந்திரத்துக்குப் பிறகும் குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் இருந்துவிட்ட தோட்டத் தொழிலாளர் பலர், பெர்மிட் கிடைக்காமல் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். வசிப்பது வேறு, குடியுரிமை வேறு என்பதை அவர்கள் அறிந்த விதம் கொடுமையானது.

இன்றும் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் கைக்கு வந்ததும் 'வார்காநெகாரா' என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குக் குடிமகன் என்று பொருள். அதன் முன்னால் 'புக்கான்' என்று இருந்தால் 'அல்ல' என்று பொருள். அப்படியிருந்தால் பள்ளியில் சேர்க்கும் நாள்வரை காத்திராமல் உடனே பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள்.

அந்தத் தோட்டத்து நண்பர் இன்னும் மாதந்தோறும் பாக்கியைக் கட்டி வருகிறார். இப்போது எந்தப் பாரம் வந்தாலும் முதலில் தம் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். ஆறாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவள் முடிக்கும்வரை அவர் பேனாவைத் தொடுவதில்லை. நேயர்களே, நாமும் அப்படியே செய்வோம்.