பிரதோஷ நிலவில் ராமன் பள்ளம்

கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதோஷம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். வளர்பிறைப் பிரதோஷமானால் கிழக்கே நிலா ஏறியிருக்கும். அதிலே நம்ம ஊர்க்காரர் பெயர் கொண்ட ஒரு பள்ளத்துக்கு அன்றுதான் பொழுது விடிகிறது என்றால் நம்புவீர்களா?

நிஜந்தான்! 1888-ல் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனின் பெயரை 1976-ல் நிலாப் பள்ளம் ஒன்றுக்குச் சூட்டினார்கள். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி ஜில்லாதானே? உரிமை கொண்டாடலாம்.

பள்ளத்தைப் படம் எடுக்கப் பௌர்ணமிக்குக் காத்திருக்காதீர்கள். அம்மிக்கல்லில் கொத்தின குழிகள் நேர் வெளிச்சத்தில் தெரிகிறதா? விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டருகேதான் அப்படி நிழல் நீளும்.

முதலில் வளர்பிறை தசமியன்று கோபர்நிகஸ் பள்ளத்தில் கை பழகுங்கள். 93 கிலோமீட்டர் அகலம்; சின்னத் தொலைநோக்கியிலேயே கிண்ணம் மாதிரி தெரியும். ராமன் பள்ளமோ சுமார் 10 கிலோமீட்டர்தான். திரயோதசியன்று இருட்டின் ஓரமாகப் பளிச்சென்று மின்னும் அரிஸ்டார்க்கஸைப் பிடியுங்கள். அதை ஒட்டி ஹெரோடோட்டஸ். இன்னும் கொஞ்சம் இருட்டுப் பக்கம் நகர்ந்தால் பொட்டளவில் நம்மவர்! பொறுமை வேணும்.

செல்போனின் காமிராவைத் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் நேராகப் பொருத்துங்கள். திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத் தோசைதான் விழும். விரல் பட்டு ஆடாமலிருக்க டைமர் வையுங்கள். இருபது படம் எடுத்தால் ஒன்று தேறும். இடவலம் மாறித் தெரிந்தால் பயப்படாதீர்கள், கண்ணாடியின் வேலை அது.

இன்னொரு தொல்லை மொட்டை மாடி. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி சூட்டைக் கக்கும். படம் வாணலிக்கு மேலே பார்க்கிற மாதிரி நெளியும். வாசல் மண்தரையில் வைத்துப் பாருங்கள். மார்கழி, தை மாதங்கள் நல்லது, பனிமூட்டம் இல்லாவிட்டால்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. வேலை முடிந்ததும் தொலைநோக்கியை மூடி உள்ளே வைத்துவிடுங்கள். காலையில் குழந்தை அதைச் சூரியன் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தால் விழித்திரை நொடியில் கருகிவிடும், வலிகூடத் தெரியாது. சில மலிவுத் தொலைநோக்கிகளில் கண் வைக்கும் வில்லையில் திருகிக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடி தருவார்கள். சூட்டில் அது வெடித்துவிடும். பெட்டியில் இருந்தால் இன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள்.