காவற் கமராவுக்குத் தனிக் கணினி

படலையும் கிடுகு வேலியும் காத்த யாழ்ப்பாணத்து மனைகளைக் காக்க இன்று கமராக்களும் வந்துள்ளன. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியோர் தனித்திருக்கும் வீட்டில் இஃது ஆடம்பரமன்று. ஆயின், அன்றாடம் அணைத்து வைக்கும் கணினியிற் பதிவு செய்தல் தகாது. கணினி அணைந்தாற் காவலும் அணையும்.

தனிக் கணினியில் வேகத்தினும் வன்தட்டையே நோக்குக. வினாடிக்கு 4 மெகாபிற்று அனுப்பும் கமரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 கிகாபைற்று நிரப்பும். நான்கு கமராக்களுக்கு 2 தெராபைற்று வட்டு 11 நாளே போதும். இரவுபகலாய் எழுதவல்ல வட்டையே வாங்குக.

2022 மார்ச்சு இறுதியில் நாம் கண்ட 13 மணி நேர மின்வெட்டைச் சிறு மின்கல அடுக்கு தாங்காது. எனவே, மின்சாரம் மீண்டதும் கணினி தானே இயங்குமாறு அமைத்தல் வேண்டும். இதனை நான் அறிந்தது, எம் வளவிற் களவு போன இரவின் பதிவைத் தேடி ஏமாந்த பின்னரே. கணினியை முன் விறாந்தையில் வைக்கவேண்டாம். கள்வன் அதையே முதலில் எடுப்பான்.