ஒரு காதுக்கு எத்தனை டிரைவர்?

காதுக்குள் செருகும் இயர்போன்களின் பெட்டியில் இப்போதெல்லாம் டிரைவர்களின், அதாவது ஒலியெழுப்பும் சிறு பாகங்களின், எண்ணிக்கையைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள். சீனாவின் கேஇசட் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த இசட்எஸ்10இல் பக்கத்துக்கு ஐந்து டிரைவர்கள். அப்போது விலையோ ஐம்பது டாலர் அளவுதான். 1990களின் நடுவில் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக இயர்போன் செய்யப் புறப்பட்ட காலத்தில் பல டிரைவர் இயர்போன் மேடைக் கலைஞர்களுக்கான பண்டம். அந்த முயற்சியிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது.

மலிவு விலை இயர்போன்களில் பெரும்பாலும் இரண்டு வகை டிரைவர்கள் சேர்ந்திருக்கும். ஒன்று டைனமிக்: காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் அசைய, அதோடு ஒட்டிய சவ்வு காற்றைத் தள்ளும். பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கு இதுவே பொருத்தம். மற்றது பேலன்ஸ்டு ஆர்மேச்சர். காந்தங்களுக்கு நடுவே நிற்கும் சிறு உலோக நாக்கு அசைந்து, மெல்லிய கம்பி வழியாகச் சவ்வை இயக்கும். செவித்திறன் குறைந்தவர்களின் கருவிகளில் நெடுங்காலம் உழைத்த தொழில்நுட்பம் இது. அரிசியைவிடச் சற்றே பெரிய உடலில் உச்ச ஒலிகளைத் தெளிவாகத் தரும்.

சிக்கல் இவற்றைச் சேர்ப்பதில் இருக்கிறது. எந்த அதிர்வெண் யாருக்கு என்பதைக் கிராஸ்ஓவர் சுற்று பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லைப் பகுதியில் இரண்டும் ஒன்றாக ஒலிக்கும். அங்கே ஓர் அலை மேலேறும்போது மற்றது கீழிறங்கினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலியில் பள்ளம் விழும். உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தாமல் விட்டாலோ பாடகரின் 'ஸ', 'ஷ' காதைக் குத்தும். டிரைவர் கூடக் கூட இந்த வேலையும் கூடுகிறது. விலையைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தப் பொறுமையான வேலைதான் என்பது வருத்தமான விஷயம்.

குறைந்த டிரைவரோடும் நல்ல ஒலி வரும். எட்டிமோடிக் ஈஆர்4 இயர்போன் வந்தது 1991இல். ஒரே ஆர்மேச்சர்தான், இன்றும் அதன் துல்லியத்தை மதிக்கிறார்கள். 2022இல் வந்த மூன்டிராப் சூ இருபது டாலர் விலையில், ஒரே டைனமிக் டிரைவரோடு பலரையும் வியக்கவைத்தது. அதே ஆண்டின் ட்ரூத்இயர் ஜீரோவில் 10 மி.மீ., 7.8 மி.மீ. என இரண்டு டைனமிக் டிரைவர்கள்; பெரியது ஆழ்ந்த பேஸை மட்டும் பார்த்துக்கொள்கிறது. எண்ணிக்கைக்கு ஒரு காரணம் இருப்பதென்றால் இப்படி இருக்க வேண்டும்.

விலையும் தரத்துக்கு உறுதி தருவதில்லை. ஆய்வாளர் ஜெரோன் பிரேபார்ட் 2017இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்தார். அதிர்வெண் சீர்மைக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியில் வரும் சிலிகான் முனைகள் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். காதுக்கும் முனைக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலே பேஸ் கசிந்துவிடும். உள்ளே எட்டு டிரைவர் இருந்தாலும் ஒலி சப்பையாகவே கேட்கும்.