பல்லில் படியும் காரை

கிராம முன்னேற்றம் என்று சொன்னவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டுவனவே. ஆனால் ஊர் என்பது அதில் வாழும் மக்களேயாவர். அம்மக்கள் உணவை நன்கு மென்று உண்ணவும், உண்டது செரித்து உழைப்பாக மாறவும் வேண்டுமாயின், வாயில் உறுதியான பற்கள் இருத்தல் வேண்டும். இந்தச் சிறு செய்தியை நாம் பெரும்பாலும் பல் போன பிறகே எண்ணிப் பார்க்கிறோம்.

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கீழக்குயில்குடி. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாறையில் செதுக்கப்பட்ட உருவங்கள் வெயிலையும் மழையையும் தாங்கி இன்றும் நிலைத்து நிற்கின்றன. அந்த மலையின் கீழே வாழும் மனிதரின் பல்லோ ஐம்பது ஆண்டுகள் நிற்பதும் அரிதாக இருக்கிறது. "பல் ஆடியது, மதுரைக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்" என்னும் பேச்சு இவ்வூரில் மட்டுமன்று, எந்த ஊரின் ஆலமரத்தடியிலும் கேட்கக்கூடியதே. பல் மருத்துவர் என்றால் பல் பிடுங்குபவர் என்பதே நம்மவர் பலரின் எண்ணம். வலி இல்லாதபோதே அவரிடம் சென்று, பல்லில் படிந்துள்ள காரையை நீக்கிக்கொள்வதால் விளையும் பயனை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

காரை எவ்வாறு உண்டாகிறது?

நாம் பல் துலக்கிய சில மணி நேரத்திற்குள்ளாகவே பல்லின்மேல் மெல்லிய, வழுவழுப்பான படலம் ஒன்று படர்கிறது. அதில் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஹாலந்து நாட்டுத் துணி வணிகரான லேவன்ஹூக் என்பவர், தாமே செய்த உருப்பெருக்கியின் வாயிலாகத் தம் பல்லிடுக்கில் இருந்த அழுக்கை நோக்கி, அதில் உயிர்கள் நெளிவதைக் கண்டு 1683-ஆம் ஆண்டில் எழுதினார். நாம் பேசும் படலம் அதுவே.

படலம் மென்மையாக இருக்கும்வரை குச்சியாலோ பிரஷ்ஷாலோ அதைத் துடைத்துவிடலாம். துடைக்காத இடங்களில், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட் உப்பும் அதில் இறங்கி, சில நாள்களிலேயே அதை இறுகச் செய்கின்றன. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் உப்பு படிந்து கெட்டியாவதை ஒத்தது இது. ஆனால் பல்லில் படிவது குடிநீரின் உப்பன்று. நம் உமிழ்நீரின் உப்பேயாகும். ஆதலால் நல்ல தண்ணீர் குடிப்போருக்கும் காரை படியும்.

கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் காரை மிகுதியாகப் படிவதைக் காணலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அவ்விடங்களுக்கு அருகில் திறப்பதே அதற்குக் காரணம். நாவின் நுனியால் கீழ்ப்பற்களின் பின்புறத்தைத் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படுவது இதுவே. ஒருமுறை இறுகிய காரை எந்தப் பற்பொடிக்கும் பசைக்கும் குச்சிக்கும் அசைந்து கொடுப்பதில்லை. சுவரில் பூசிய காரையைத் துடைப்பத்தால் பெயர்க்க இயலாததைப் போலவே, பல்லில் படிந்த காரையையும் அதற்குரிய கருவி கொண்டே பெயர்க்க வேண்டும்.

வலியின்றி வளரும் நோய்

காரை வெறும் அழகுக்குறை என்று எண்ணுதல் தவறு. அதன் மேற்பரப்பு கரடுமுரடானது. அதன்மேல் புதிய படலம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஈற்றின் ஓரத்தில் நுண்ணுயிர்கள் ஓயாமல் தங்கியிருக்கும். அதனால் ஈறு சிவந்து, வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய சோதனை ஒன்று 1965-இல் வெளிவந்தது. நல்ல ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மறுபடியும் துலக்கத் தொடங்கியபின் அது தணிந்தது.

இந்த நிலையில் நோயைத் திருப்பிவிடலாம். கவனியாது விட்டால், ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போன்ற பள்ளம் உண்டாகிறது. காரை அந்தப் பள்ளத்திற்குள்ளும் இறங்குகிறது. பல்லைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. கரைந்த எலும்பு தானே மீண்டும் வளர்வதில்லை. வேரைச் சுற்றியுள்ள மண் அரிக்கப்பட்ட தென்னை எவ்வாறு சாய்கிறதோ, அவ்வாறே பல்லும் ஆடத் தொடங்குகிறது. இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நிகழ்கின்றன. வலிக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் பல்லை இழப்பதற்கு இதுவே காரணம்.

புகையிலையும் பீடியும் பழகியவர்கள் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். புகைப்பவரின் ஈற்றில் நோய் முற்றியிருந்தும் இரத்தக் கசிவு குறைவாகவே தோன்றும். எச்சரிக்கை மணி அடிக்காமலே திருடன் வீட்டினுள் புகுந்துவிடுகிறான்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் புகட்டிய பாடம்

காரையை நீக்காமலே விட்டால் மனிதனின் பற்களுக்கு என்ன நேரும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது யாரிடமிருந்து என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருச்சி முதலிய சீமைகளிலிருந்து இலங்கையின் மலைநாட்டிற்குத் தேயிலைக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்களிடமிருந்தேயாகும்.

நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினன், ஹாரோ என்னும் இரு தோட்டங்களில், முன்னர்க் கூறிய ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970-இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். ஏறத்தாழ 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்து, 1985 வரையில் மீண்டும் மீண்டும் அளவெடுத்து வந்தனர். அத்தொழிலாளர்களுக்குப் பல் மருத்துவரிடம் காரை நீக்கிக்கொள்ளும் வாய்ப்பு இருந்ததில்லை. சொத்தைப் பல் அவர்களிடையே இல்லையென்றே கூறலாம். ஆயினும் காரை நிறைந்திருந்தது; ஈறு அழற்சி இல்லாதவரைக் காண்பது அரிதாக இருந்தது.

1986-இல் வெளிவந்த முடிவுகள் கவனிக்கத்தக்கவை. நூற்றுக்கு 11 பேருக்கு ஈறு அழற்சிக்கு மேல் நோய் முற்றவில்லை. 81 பேருக்கு எலும்பு மெல்ல மெல்லக் கரைந்தது. 8 பேருக்கு அது மிக விரைந்து கரைந்தது. இந்த எட்டுப் பேரின் வகையில் சேர்ந்தவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும் இழந்தனர். 45 வயதில் வாயில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. நடுத்தர வகையினர் 45 வயதில் 7 பற்களை இழந்திருந்தனர்.

2010-ஆம் ஆண்டில், அந்த 480 பேரில் 75 பேரைத் தேடிக் கண்டு மீண்டும் சோதித்தனர். நாற்பது ஆண்டுச் செய்திகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் வந்த முடிவு யாதெனில், முப்பது வயதிற்கு முன்பே நோயைக் கண்டு மருத்துவம் செய்வதும், காரையை நீக்குவதும், படலத்தைத் துடைப்பதும், புகையை விடுவதுமே பல்லைக் காக்கும் வழி என்பதாகும்.

இந்த ஆராய்ச்சி உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. நம் உறவினர்களின் இழப்பிலிருந்து உலகம் பாடம் கற்றது. அவர்கள் புறப்பட்டுச் சென்ற ஊர்களில் வாழும் நாம் அதைக் கற்காமலிருப்பது முறையாகுமா?

மருத்துவர் செய்வது என்ன?

காரை நீக்குதலை மருத்துவர்கள் ஸ்கேலிங் என்பர். மருத்துவர் முதலில் ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள பள்ளத்தை மெல்லிய அளவுகோலால் அளக்கிறார். 3 மில்லிமீட்டர் வரை இருப்பின் பெரும்பாலும் கவலையில்லை. பிறகு, விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் நுனியையுடைய கருவியைக் காரையின்மேல் வைக்கிறார். அந்த அதிர்வில் காரை உடைந்து உதிர்கிறது. கருவியிலிருந்து பீச்சும் தண்ணீர் அதைக் கழுவிவிடுகிறது. எஞ்சிய துணுக்குகளைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, இறுதியில் பல்லை மெருகிடுகிறார். அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் வேலை முடியும். பள்ளம் ஆழமாக இருப்பின், மரத்துப்போகும் ஊசி போட்டு, வேரின் மேலுள்ள காரையையும் வேறொரு நாளில் நீக்குவார்.

நாற்காலியில் அமர்ந்த அதே வேளையில் மருத்துவர் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்வையிடுகிறார். வெற்றிலையுடன் புகையிலை சேர்த்துப் போடுபவரின் வாயில் வெண்திட்டோ செந்திட்டோ ஆறாத புண்ணோ தோன்றியிருந்தால், அது புற்றாக முற்றுமுன் கண்டுகொள்ள இது நல்ல வாய்ப்பாகும்.

மூன்று ஐயங்கள்

காரையை எடுத்தால் பல் ஆடும் என்பது முதல் ஐயம். உண்மை இதற்கு நேர்மாறானது. எலும்பு முன்னமே கரைந்திருக்க, பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்தது காரையே. அதை நீக்கியதும் மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. நோயை மருத்துவர் உண்டாக்கவில்லை, கண்டு காட்டினார். ஆகவே காரை சிறிதாக இருக்கும்போதே செல்லுதல் நலம்.

பற்களுக்கிடையே சந்து விழும் என்பது இரண்டாவது. காரை அடைத்திருந்த இடமும், வீங்கிய ஈறு நிறைத்திருந்த இடமும் வெளியே தெரிவதனால் அவ்வாறு தோன்றுகிறது. சில நாள்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டால் கூச்சமும் இருக்கலாம். அது பெரும்பாலும் தானே தணியும்.

பல்லைத் தொட்டால் கண் பார்வை கெடும் என்பது மூன்றாவது. இதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

எனினும் நீரிழிவு, இருதய வால்வுக் கோளாறு ஆகியவை உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும், கருவுற்ற தாய்மார்களும் அச்செய்தியை மருத்துவரிடம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

எத்தனை காலத்திற்கு ஒருமுறை?

ஆறு மாதத்திற்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது அனைவருக்கும் பொருந்தும் விதியன்று. பிரிட்டனில் பல் மருத்துவரிடம் தவறாது செல்லும் பெரியவர்களை மூன்றாண்டு கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்திற்கொருமுறை காரை நீக்கியவர்க்கும் நீக்காதவர்க்கும் ஈற்றின் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் முன்னமே கவனிப்பில் இருந்தவர்கள். வாழ்நாளில் ஒருமுறையேனும் காரை நீக்கிக்கொள்ளாத நம் ஊரார் நிலை வேறு. முதன்முறை சென்று வந்தபின், மறுமுறை எப்போது வரவேண்டும் என்பதை மருத்துவரே உங்கள் வாயைப் பார்த்துக் கூறுவார். நீரிழிவு உள்ளவர்க்கும் புகைப்பவர்க்கும் இடைவெளி குறையும்.

நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை மிகுந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை அடங்காது. ஈற்றுக்கு மருத்துவம் செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரையளவு ஓரளவு தணிவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

வீட்டில் செய்ய வேண்டுவன

மருத்துவர் நீக்குவது பழைய காரையை; புதியது படியாமல் காப்பது நம் கடமை. காலையிலும் இரவு படுக்குமுன்பும், ஃப்ளூரைடு கலந்த பசையும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு இரண்டு நிமிடம் துலக்குதல் வேண்டும். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர் போற்றியவை. நுனியை நன்கு மென்று தூரிகை போலாக்கி, ஈற்றைக் குத்தாமல் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் உட்புறமும் பல்லிடுக்கும் குச்சிக்கு எட்டுவது கடினம். செங்கல் தூள், கரித்தூள், சாம்பல், மணல் ஆகியவை பல்லைத் தேய்த்துவிடும், இவற்றை விலக்குக.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

கீழக்குயில்குடி போன்ற ஊருக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை எட்டாத தொலைவில் இல்லை. அங்கே பல் மருத்துவப் பிரிவு இயங்குகிறது. பல் மருத்துவர் பணிபுரியும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. எந்த நிலையத்தில், எந்தக் கிழமையில் மருத்துவர் இருப்பார் என்பதைக் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகப் பலகையிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைத்தால், கூலியை இழந்து வீணே அலைவது குறையும். கிராம சபைக் கூட்டத்தில் இதனைப் பொருளாகச் சேர்த்து, ஆண்டுக்கொருமுறை பள்ளியில் பல் பரிசோதனை முகாம் நடத்தும்படி சுகாதாரத் துறையை வேண்டலாம். 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீடுதேடி வரும் ஊழியரிடம் நீரிழிவு உள்ளவர்கள், ஈற்றில் இரத்தம் கசிவதையும் தெரிவிக்கலாம்.

வரப்பில் எலி வளை கண்டால் உழவர் அன்றே அதை அடைக்கிறார். கரை உடையட்டும் என்று காத்திருப்பதில்லை. அந்த முன்யோசனையைத் தம் பல்லுக்கும் காட்டுவாராக. அடுத்த முறை வேறு வேலையாக மதுரைக்குச் செல்லும் நாளில், பல் வலிக்காத அந்த நாளிலேயே, பல் மருத்துவரிடமும் ஒருமுறை சென்று வருமாறு நம் வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.